பெட்டைக் குதிரையின் பக்கத்தில் நிற்பவர்கள்

திருநின்றவூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்களுக்குச் சினை ஊசிக் கணக்கு மனப்பாடம். காலையில் மாடு பருவத்துக்கு வந்தால் மாலையில் ஊசி, மாலையில் வந்தால் மறுநாள் காலையில். இந்தக் கணக்கோடு குதிரை லாயத்துக்குள் நுழைந்தால் தவறிவிடும். பெட்டைக் குதிரை ஐந்து முதல் ஏழு நாள் வரை பருவத்தில் நிற்கும். முட்டை வெளிப்படுவதோ பெரும்பாலும் கடைசி ஓரிரு நாளில். உறைவிந்து உருகிய பின் சில மணி நேரமே தாங்கும். அதனால் டாக்டர் ஆசனவாய் வழியாகக் கைவிட்டு, ஸ்கேன் திரையில் சினைப்பையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். முட்டையைத் தாங்கி அங்கே தெரியும் கறுப்பு வட்டம் 35 மில்லிமீட்டரைத் தாண்டியதும் நாளுக்கு ஒரு ஸ்கேன் போதாது. நள்ளிரவிலும் பார்க்க வேண்டும். ஆனால் எந்தப் பெட்டையை ஸ்கேனுக்குக் கொண்டுவருவது என்பதை அவருக்குச் சொல்பவர் குதிரைக்காரர். ஆண் குதிரையை எதிரே காட்டும்போது நேற்றுவரை காதை மடக்கி உதைத்தவள் இன்று வாலைத் தூக்கி நிற்கிறாள் என்பதைத் தினமும் கூட இருப்பவரால்தான் சொல்ல முடியும். விளையாட்டுக் குதிரை வளர்ப்பில் நம்மிடம் குறைவது உயர்ந்த வம்சமல்ல, பெட்டையின் பக்கத்தில் நிற்கும் இந்த இருவர்தான் என்பது என் துணிபு.

2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியக் குழு டிரஸாஜ் என்னும் குதிரை நடைப் போட்டியில் தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 1982 தில்லிக்குப் பிறகு நமக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. வீரர்கள் நம்மவர்கள், அவர்கள் ஏறிய குதிரைகள் ஐரோப்பாவில் பயிற்சி பெற்றவை. நோயின்மைச் சான்று இல்லாமல் இந்தியக் குதிரை வெளிநாட்டுப் போட்டிக்குப் போவதே கடினமாக இருந்தது. 2025இல் மீரட் ராணுவக் குதிரை மருத்துவ மையத்தின் வளாகத்தை நோயற்ற பகுதியாக உலக விலங்கு சுகாதார அமைப்பு ஏற்றபின் அந்தக் கதவு திறக்கத் தொடங்கியிருக்கிறது. அதன் வழியே போக நம் ஊரில் பிறந்த குதிரை எங்கே? 1777இல் பந்தயம் தொடங்கிய கிண்டி இதற்குப் பதிலாகாது. பந்தய இனமான தரோபிரெட்டில் சினை ஊசிக்கே அனுமதி இல்லை. நேரடிச் சேர்க்கை மட்டுமே. கிண்டி நமக்குக் கற்றுத் தந்தது குதிரையின் காலையும் நுரையீரலையும் காப்பதை. கருப்பையைக் காப்பது வேறு கல்வி.

இந்த மண்ணுக்குக் குதிரை ஒத்துவராது என்பது பழைய மறுப்பு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோவே இதைச் சொல்கிறார்: ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கடல்வழி இறங்கும் குதிரைகளில் நூறுகூடப் பிழைப்பதில்லை, நல்ல பெட்டைக்கு நல்ல ஆண் சேர்ந்தாலும் கால் கோணிய குட்டிதான் பிறக்கிறது என்று. பயணி கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதே பக்கங்களில் காரணத்தையும் எழுதியிருக்கிறார்: குதிரைக்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுத்தார்கள், குதிரை வைத்தியர் இல்லை, விற்கும் வணிகர்கள் வரவிடுவதும் இல்லை. குதிரை வாங்கப் பொன்னோடு போன மாணிக்கவாசகரை நாம் மறக்கவில்லை. வாங்கிய குதிரையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்க மறந்துவிட்டோம். வெயில் தொல்லை பொய்யல்ல. சென்னைப் புழுக்கத்தில் வியர்வையே நின்றுபோகும் குதிரைகள் உண்டு. அதற்கு நிழலும் தண்ணீரும் விடியற்காலைப் பயிற்சியும் வேண்டும். மேடான ஊர்களும் இருக்கின்றன. ஓசூரில் ஒரு காலத்தில் ராணுவக் குதிரைப் பண்ணை இருந்தது.

இது பணக்காரர் பொழுதுபோக்கு, அதற்கு ஏன் அரசு மருத்துவரின் நேரம் என்பது இரண்டாவது மறுப்பு. இதை நான் மதிக்கிறேன். மாட்டு டாக்டரின் நேரத்தை இதற்காகப் பறிக்கக் கூடாது. ஆனால் மெரினாவில் சவாரி ஏற்றும் மட்டக்குதிரைக்கும் கல்யாண ஊர்வலக் குதிரைக்கும் வேண்டிய மருத்துவமும் குதிரை தெரிந்த கைகளில்தான் இருக்கிறது. குதிரைக்குப் பழகிய டாக்டர் பெருகினால் முதலில் பிழைப்பவை அந்தக் குதிரைகள். வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி திருநின்றவூரிலிருந்து மின்சார ரயிலில் போய்வரும் தூரம்தான். அங்கே டாக்டர்களோடு குதிரைக்காரர்களுக்கும் ஒரு சான்றிதழ் படிப்பு வைக்கலாம். பிகானேரில் உள்ள குதிரை ஆராய்ச்சி மையம் 2023இல் கருமாற்று முறையில் மார்வாரி இனக் குட்டியைப் பெற்றுவிட்டது. தொழில்நுட்பம் நாட்டுக்குள் வந்தாயிற்று, லாயத்துக்குள்தான் வரவில்லை.

சினை பிடித்த பின்னும் இருவருக்கும் வேலை உண்டு. பதினாறாம் நாளுக்குள் இரட்டைக் கருவைக் கண்டு ஒன்றை டாக்டர் விரலால் நசுக்காவிட்டால் பெரும்பாலும் இரண்டுமே போய்விடும். அதைத் தாண்டினால் பதினோரு மாதக் காத்திருப்பு. ஈனுவது அநேகமாக இரவில். முலைக்காம்பில் மெழுகுபோல் திரள்வதைக் கண்டு விழித்திருப்பவர் குதிரைக்காரர். குட்டி ஒரு மணி நேரத்தில் எழ வேண்டும், இரண்டில் பால் குடிக்க வேண்டும். தாயின் நோய் எதிர்ப்பு அதற்கு வயிற்றுக்குள் கிடைப்பதில்லை, சீம்பாலில்தான் கிடைக்கிறது. மூன்று மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். விழுந்ததை அவர் குழியில் போடுவதில்லை. வாளியில் எடுத்து மூடி வைக்கிறார். காலையில் டாக்டர் அதைத் தரையில் விரித்து, ஒரு துண்டாவது உள்ளே தங்கியிருக்கிறதா என்று ஓரம் ஓரமாகப் பார்க்க வேண்டும்.