431 கிலோமீட்டரும் ஒரு கைக்குழந்தையும்

பிரசவ விடுமுறை முடிந்து காரியாலயத்துக்குத் திரும்பிய முதல் நாளே எனக்குப் பால் கட்டிக்கொண்டது. ரவிக்கை நனைந்துவிட்டது. தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பழைய ஃபைல்கள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன், ஏதோ திருடப் போனவள் மாதிரி!

ஜாஸ்மின் பாரிஸ் என்ற மிருக வைத்தியரைப் பற்றிப் படித்தபோது அந்த அறைதான் ஞாபகம் வந்தது. 2019 ஜனவரியில், இங்கிலாந்தின் ஈடேல் கிராமத்திலிருந்து ஸ்காட்லாந்தின் கிர்க் யெட்ஹோம் வரை, பென்னைன் மலைப்பாதையில் 431 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம். குளிர், சேறு, பாதிக்கு மேல் இருட்டு. தூங்கினாலும் கடிகாரம் நிற்காது. அவருக்கோ வீட்டில் 14 மாதப் பெண் குழந்தை, பால்குடி மறக்கவில்லை. தங்குமிடங்களில் மற்றவர்கள் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தார்கள். இவருக்கு அதோடு இன்னொரு வேலை: பால் கட்டிக் காய்ச்சல் வராமலிருக்கப் பம்பு வைத்து எடுப்பது. பின்னால் அதைக் கூச்சமில்லாமல் சொல்லவும் சொன்னார்.

மொத்தத் தூக்கம் மூன்று மணி நேரந்தானாம். கடைசியில் பாறைகளெல்லாம் மிருகங்களாகத் தெரிந்தனவாம். 83 மணி 12 நிமிஷத்தில் வந்து சேர்ந்தார்; ஆண், பெண் அத்தனை பேருக்கும் முதலாவதாக. பழைய சாதனையைவிட 12 மணி குறைவு!

"குழந்தையோடு வீட்டில் இருக்கக்கூடாதோ?" என்றாள் அம்மா, நான் படித்துக் காட்டியபோது. குழந்தை விழிக்குமுன் இருட்டிலே எழுந்து ஓடித்தான் பழகினார் என்றேன். அம்மாவுக்கு அது சமாதானமாகவில்லை. குழந்தையும் கையுமாக அவர் நிற்கும் படத்தை வாங்கி வெகு நேரம் பார்த்தாள்.

"அந்தப் பம்பை எதிலே வைத்துக்கொண்டாளாம்?" என்றாள்.