இன்யா ஏரியை யார் செய்தது?

ஆறு, மலை, கடல் எல்லாம் இயற்கை. பாலம், சாலை, கோயில் எல்லாம் மனுஷங்க செய்தது. நம்ம பிள்ளைகளுக்குப் பள்ளியில் சின்ன வயதிலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். புத்தகத்துப் படங்களைச் சட்டென்று பிரித்தும் விடுவார்கள். உண்மையான ஓர் ஊரில் அது அவ்வளவு சுலபமில்லை. எங்க தாத்தா பிறந்த ரங்கூனுக்கு, இன்றைய யாங்கோனுக்கு, பிள்ளைகளோடு போனபோது அதைப் பார்த்தேன்.

ஏழு வயது மகளுக்கும் ஐந்து வயது மகனுக்கும் ஆளுக்கொரு நோட்டு, இரண்டு கலர் பென்சில். இயற்கைக்குப் பச்சை, மனிதர் செய்ததற்குச் சிவப்பு.

யாங்கோன் ஆற்றில் தலா போகிற படகில் ஏறியதும் இரண்டு பேரும் ஆற்றைப் பச்சையில் வரைந்தார்கள். ஷ்வேடகோன் பகோடா சிவப்பு. (பகோடான்னதும் சின்னவனுக்குப் பசி வந்துவிட்டது!) அது நிற்கிற சிங்குத்தரா குன்று பச்சை. இதுவரை சண்டையில்லை.

இன்யா ஏரிக்கும் பச்சைதான் எடுத்தார்கள். "இதை 1882-83-ல பிரிட்டிஷ்காரங்க அமைச்சாங்க. ஊருக்குத் தண்ணி வேணும்னு மேடுகளை இணைச்சு, மழைத்தண்ணியைத் தேக்கினாங்க" என்றேன். மகள் சிவப்பை எடுத்தாள். "மழையை யாரும் செய்யலையேம்மா!" என்றான் தம்பி. கடைசியில் கரைக்குச் சிவப்பு, தண்ணீருக்குப் பச்சை என்று முடிவானது. நம்ம ஊர் ஏரிகளும் பெரும்பாலும் அப்படித்தான். வீராணம் ஏரி சோழர் காலத்தில் வெட்டியது என்று சொன்னேன்.

"அப்ப இந்த ஊரைச் செஞ்சது யாரு?" என்று மகள் கேட்டாள். அனவ்ரதா சாலையில், 1871-ல் தமிழர்கள் கட்டிய காளி கோயில் முன்னால் நின்று பதில் சொன்னேன். ஆற்றில் கப்பல் வர முடிந்தது, அதனால் துறைமுகம் வந்தது. ஐராவதி டெல்டாவில் நெல் விளைந்தது, அதனால் ஆலைகள் வந்தன. வேலை தேடித் தமிழரும் தெலுங்கரும் வந்தார்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அந்தக் கூட்டத்தில் எங்க கொள்ளுத்தாத்தாவும் ஒருத்தர். 1962-ல் ராணுவ ஆட்சி வந்த பிறகு லட்சக்கணக்கானவர்கள் வெளியேறினார்கள். எங்க குடும்பமும் இதே ஆற்று வழியாகத்தான் சென்னைக்குக் கப்பலேறியது.

"அப்ப இந்தச் சிவப்புல நம்மளும் இருக்கோமா?" என்றாள் மகள். ஆமாம் என்றேன்.

நீங்கள் டொராண்டோவில் இருந்தாலும் சிட்னியில் இருந்தாலும் பக்கத்துக் குளத்தையோ கால்வாயையோ காட்டிப் பிள்ளைகளிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இதை யார் செய்தது? எதற்காக? அதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது? பிறகு தாத்தா பாட்டியிடம் அவர்கள் ஊர்க் கண்மாயைப் பற்றியும் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு பென்சிலும் கையில் இருக்கட்டும்.