படகுக்கும் உண்டு இனிஷியல்!

"எந்த ஊரு?"

"ஆலங்குளம்."

"தென்காசிப் பக்கமா?"

"இல்லைங்க, ராஜபாளையம், சிவகாசிப் பக்கம். சிமெண்ட் ஆலங்குளம்."

பிறந்ததிலிருந்து இந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 1970-ல் வந்த அரசு சிமெண்ட் ஆலைதான் எங்கள் ஊருக்கு இனிஷியல். இது போதாதென்று மாவட்டம் வேறு. என் பிறப்புச் சான்றிதழில் ராமநாதபுரம் மாவட்டம். 1985-ல் மாவட்டத்தைப் பிரித்தார்கள், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் காமராசர் மாவட்டம் என்றானது. 1997-ல் தலைவர்கள் பெயரை எல்லாம் எடுத்தபோது விருதுநகர் மாவட்டம். நான் ஓர் அடிகூட நகரவில்லை. மூன்று மாவட்டத்தில் வாழ்ந்தாகிவிட்டது!

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு எழுதுவது, ஆன்லைனில் விண்ணப்பிப்பது, பட்டா, வாரிசு, பென்ஷன் என்று பிழைப்பு ஓடுகிறது. கடையில் பாதி வேலை பெயர்த் திருத்தம்தான். ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, பத்திரத்தில் இன்னொன்று. அதனால்தான் போன வருஷம் தங்கை போன் பண்ணி, "அண்ணே, படகுக்குப் பேர் மாத்தணும். நீ வந்து பாத்துக் குடு" என்றாள்.

படகுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கண்மாய், அதுவும் மழை பெய்தால். ஆனால் எங்கள் பக்கத்து மழைத் தண்ணீர் வைப்பாற்றில் சேர்ந்து, சாத்தூர் தாண்டி, தூத்துக்குடி மாவட்டத்தில் கடலில் விழுகிறது. தங்கை வாக்கப்பட்டது அந்தப் பக்கத்துக் கடற்கரை ஊருக்குத்தான். அங்கே டீச்சர் வேலைக்குப் போனாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள், மீதிக் கதை உங்களுக்கே தெரியும்.

மாப்பிள்ளை அதுவரை அடுத்தவர் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். தங்கையின் ஏழு பவுனை அடகு வைத்து, ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் ஒருவரிடம் பழைய பைபர் படகு ஒன்றை வாங்கினார்கள். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துச் சேர்த்த நகை அது. வட்டி மாதாமாதம் ஓடுகிறது. படகோ மணலில் கிடக்கிறது. காரணம், விற்றவர் போட்ட ஒரே நிபந்தனை.

"என் நம்பரோட கடல்ல இறக்காதீங்க தம்பி. மாத்துன பெறகு எறக்குங்க."

எனக்கு முதலில் இது வீம்பாகத்தான் பட்டது. மாப்பிள்ளை விளக்கினார். "மச்சான், காத்துல எல்லை தாண்டி மாட்டிக்கிட்டோம்னு வைங்க. படகை மீக்கணும்னா பேப்பர்ல இருக்கிற ஓனர் இலங்கைக் கோர்ட்டுல போயி நிக்கணும். நிக்கலேன்னா படகு அவ்வளவுதான், அரசாங்கம் எடுத்துக்கும். காசு குடுத்தவன் நான், கூண்டுல நிக்கிறது அவரா?"

அதன்பிறகு அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. மோட்டார் பைக்கை விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் நிம்மதியாகத் தூங்குகிறவர்களை நான் தினமும் கடையில் பார்க்கிறேன்.

படகின் பக்கவாட்டில் இங்கிலீஷ் எழுத்தில் நீளமாக ஒரு நம்பர் இருக்கும், கவனித்திருப்பீர்கள். ஐ.என்.டி. என்றால் இந்தியா. டி.என். தமிழ்நாடு. அடுத்து வரும் எண் மாவட்டம். ராமநாதபுரத்துக்கு 10, தூத்துக்குடிக்கு 12. பிறகு எம்.எம். என்றிருந்தால் விசைப்படகு, எம்.ஓ. என்றால் மோட்டார் பொருத்திய சின்னப் படகு. கடைசியில் அதன் சொந்த எண். 2008-ல் மும்பையைத் தாக்க வந்தவர்கள் குபேர் என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தி, அதில்தானே வந்தார்கள்? அதற்குப் பிறகு நாடு முழுக்க ஒரே முறையில் எண் கொடுத்தார்கள். எந்தக் கரைப் படகு, யாருடையது என்பது நடுக்கடலில் தெரிய வேண்டும்.

படகைப் பதிவது 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி. கரை மாறினால் அதையும் தெரிவித்துப் பதிய வேண்டும். அதாவது எங்கள் படகுக்கு ஓனர் மாறணும், 10 போய் 12 வரணும். பதிவு சரியில்லாவிட்டால் மானிய எரிபொருளும் கிடையாது.

பழைய கரையில் தடையில்லாச் சான்று கேட்டோம். அங்கேதான் என் கடைச் சரக்கு வேலைக்கு வந்தது. விற்றவருக்குப் படகுச் சான்றில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல். ஒன்று தமிழில் அப்பா பெயரின் முதல் எழுத்து, இன்னொன்று இங்கிலீஷில் யாரோ டைப் அடித்தது. "இவரும் அவரும் ஒருத்தர்தான்னு எப்படி நம்புறது?" என்றார் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர். ஆள் எதிரே நிற்கிறார்! படகின் பெயரை மாற்றுவதற்கு முன்னால் மனுஷன் பெயரை ஒட்டவைக்க வேண்டியதாயிற்று. நோட்டரி கையெழுத்து, திரும்ப ஒரு மனு, திரும்ப ஒரு நாள். விற்றவர் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் சொந்தக் காசில் பஸ் ஏறி வந்தார்.

வராண்டாவில் காத்திருந்த நேரம் ஏராளம். செல்போனில் கப்பல் பெயர்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். மேல்நாட்டு மாலுமிகள் கப்பலுக்குப் பெயர் மாற்றினால் கேடு என்று பயப்படுவார்களாம். நம்ம யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பலுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, தன் மனைவி பெயரான ஃப்ளாரன்ஸ் சி. ராபின்சன் என்று மாற்றினார். வல்வெட்டித்துறைக்காரர்களே அதைச் செலுத்திக்கொண்டு, சூயஸ் வழியாக, அட்லாண்டிக்கைத் தாண்டி, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். மரமும் ஆட்களும் நம்முடையவை. போய்ச் சேர்ந்தபோது பெயர் மட்டும் அடுத்தவருடையது. அந்தக் கப்பலில் போனவர்கள் தங்களுக்குள் பேசும்போது எந்தப் பெயரைச் சொல்லியிருப்பார்கள்? எனக்கென்னவோ அன்னபூரணிதான் என்று தோன்றுகிறது.

இதற்கு நேர்மாறு தூத்துக்குடியிலேயே இருக்கிறது. வ.உ.சி. 1906-ல் சுதேசி கப்பல் கம்பெனி ஆரம்பித்து வாங்கிய இரண்டு கப்பல்களின் பெயர் காலியா, லாவோ. காலியா என்றால் லத்தீனில் பிரான்ஸ் தேசம்! அந்தப் பெயரோடு அது ஓடியும் ஜனங்களுக்கு அது சுதேசிக் கப்பல்தான். அவர் ஜெயிலில் இருக்கும்போதே கம்பெனி முடிந்து, கப்பல் போட்டிக்கார வெள்ளைக்காரக் கம்பெனி கைக்கே போனது. பெயர் அப்படியே இருந்து ஆள் மாறினால் அந்த வலி வேறு.

சரி, நம் படகுக்கு வருகிறேன். ஒருவழியாகச் சான்று கையில் கிடைத்தது. படகைத் தூத்துக்குடிப் பக்கம் கொண்டுவருவதற்கு முந்தின நாள் விற்றவர் வீட்டுக்குப் போனோம். அவருடைய மனைவி ஒரு டப்பா பெயின்ட்டும் பிரஷ்ஷும் எடுத்துவைத்திருந்தார். முகப்பில் அவர்கள் மகள் பெயர் எழுதியிருந்தது. அந்தப் பெண் கல்யாணத்துக்காகத்தான் படகையே விற்றிருக்கிறார்கள்.

"படகைத்தான் வித்தோம்ணே. பேரை விக்கல" என்றார்.

யாரும் பேசவில்லை. மாப்பிள்ளை பிரஷ்ஷை வாங்கப் போனார். அவர் கொடுக்கவில்லை. தானே ஏறி, ஒவ்வொரு எழுத்தாக மூடினார். முதல் எழுத்தில் கொஞ்ச நேரம் நின்றது கை. வீட்டுக்காரர் சிகரெட் பிடிக்கிற மாதிரி தள்ளிப்போய் நின்றுகொண்டார். பெயின்ட் காய்ந்த பிறகும் வெயிலில் சாய்த்துப் பார்த்தால் எழுத்தின் மேடு தெரிந்தது. அதைச் சுரண்டச் சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

இந்தப் பக்கம் வந்ததும் புது எண் எழுத வேண்டும். "சிவகாசியில சொன்னா ஒரே நாள்ல ஸ்டிக்கர் அடிச்சுத் தந்துடுவாங்க மாப்ள" என்றேன். லேபிள் ஒட்டியே பிழைக்கிற பகுதிக்காரன் புத்தி வேறெங்கே போகும்? மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். வாலிபத்தில் தோணியில் கொழும்புக்குப் போய்வந்தவர் அவர். "உப்புத்தண்ணி உங்க ஸ்டிக்கரை ரெண்டு நாள்ல தின்னுரும். எழுதணும்." எழுதினார்கள். 12 என்ற இரண்டு எழுத்தைத் தங்கை பக்கத்தில் நின்று பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை சொந்தப் படகில் வலையேற்றினார். முதல் மாத வட்டியைத் தங்கை மீன் காசில் கட்டினாள்.

விற்றவர் மகளின் கல்யாணத்துக்கு எங்களுக்கும் பத்திரிகை வந்தது. மூடிய பெயரை அதில் பார்த்தபோது தங்கை ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தாள். போய், மொய் எழுதி, சாப்பிட்டுவிட்டு வந்தோம். படகு எப்படி இருக்கிறது என்று அந்தம்மா கேட்டார். செல்போனில் படம் காட்டினோம்.

படகுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. மாதா பெயர்தான் வைக்கணும் என்கிறார் மாப்பிள்ளை. நகை யாருடையது என்று கேட்டு, அம்மா பெயர் என்கிறாள் தங்கை. அன்னபூரணி என்று வைக்கலாமே என்று நானும் என் பங்குக்குச் சொல்லிப் பார்த்தேன். "உங்க கடையிலதான் வேலை கெடக்குல்ல, போய் அதைப் பாருண்ணே" என்றாள். இப்போதைக்குப் படகு நம்பரோடு மட்டும் கடலுக்குப் போய்வருகிறது.