யாருக்குக் கட்டிய சந்தா?

சந்தா என்னும் சொல் ஊவா மலைச்சாரலில் வாழ்வோருக்குப் புதிதன்று. பத்திரிகைக்குத்தான் சந்தா உண்டு என்று பட்டணத்தார் எண்ணலாம். பசறை, நமுனுகுல, மடுல்சீமை, ஹாலிஎல, தெமோதரை என்று தோட்டந்தோறும் வரிசை கட்டி நிற்கும் லயங்களிலே, சந்தா என்றால் சம்பளத்தில் கழிவது. கைக்கு வருமுன்னே கழிவது. சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு, தொழிற்சங்கத்துக்கு ஒரு தொகை, தீபாவளி முற்பணத்துக்கு ஒரு தவணை, தேயிலைத்தூளுக்கு இவ்வளவு, கோயிலுக்கு இவ்வளவு, மரண உதவிச் சங்கத்துக்கு இவ்வளவு. முன்னாளில் சலவைத் தொழிலாளிக்கும் முடிதிருத்துவோருக்குங்கூடச் சம்பளத்திலேயே பிடித்துக் கொடுத்தார்கள். இவையெல்லாம் போக மிஞ்சுவது எதுவோ அதுவே குடும்பத்தின் மாதம்.

நம் அக்காள் முப்பத்தெட்டு ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். எழுத்து வாசனை குறைவு. ஆனால் எண்ணிலே அவரை ஏய்க்க ஒருவராலும் ஆகாது. பேர் விழுந்த நாளுக்குக் காம்பராச் சுவரிலே கரித்துண்டால் ஒரு முழுக்கோடு, அரைப்பேருக்கு அரைக்கோடு. சம்பள நாளன்று கோடுகளை எண்ணிக்கொண்டுதான் மேசைக்குப் போவார். ஒரு மாதம் சம்பளச் சீட்டிலே பழகாத கழிவு ஒன்று இருந்தது. "ஐயா, இது என்னா கழிவுங்க?" என்று கிளாக்கரைக் கேட்டார். "சங்கத்துச் சந்தா" என்றார் அவர். "அதுதான் மேலே ஒண்ணு வெட்டியிருக்கே, இது எந்தச் சங்கத்துக்கு?" என்றார் அக்காள். பின்னாலே நின்ற வரிசை முணுமுணுத்தது. அவர் நகரவில்லை.

விஷயம் இதுதான்: அக்காள் ஒரு சங்கத்தை விட்டு வேறொரு சங்கத்தில் சேர்ந்திருந்தார். சேர்ந்ததற்கான படிவம் காரியாலயத்துக்குப் போயிற்று. விலகியதற்கான கடிதம் போய்ச் சேரவில்லை. எனவே இரண்டு சங்கங்களும் அவர் சம்பளத்திலே பங்கு கொண்டன. மூன்று மாதம் நடந்தபின் கழிவு நின்றது. அந்த மூன்று மாதத்துப் பணம் மட்டும் திரும்பவேயில்லை. சேருவதற்கு வாசல் அகலம், விலகுவதற்கு வாசல் குறுகல் என்று அப்போது அக்காள் சொன்னதை நாம் ஒரு வேடிக்கையாகவே கேட்டுக்கொண்டிருந்தோம்.

சட்டம் இதற்கு இடங்கொடுக்கவில்லை. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், தொழிலாளியின் சம்மதத்தோடு செய்யப்படும் அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர வேறெதையும் சம்பளத்தில் கழிக்கலாகாது என்கிறது. சம்மதம் என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கைநாட்டு வைத்தவுடன் சம்மதம் பிறந்துவிடுகிறது. அது என்றைக்கு இறக்கிறது என்பதைக் கைநாட்டு வைத்தவருக்குச் சொல்வார் இல்லை. அதற்கும் முந்திய காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. கடனைத் தீர்த்தால் இவரை விடுவிப்போம் என்று துரைமார் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் கடனாய் ஏற, தோட்டம் மாறும்போது ஆளோடு கடனும் மாறிற்று. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை ஒழித்தது. தன் பேரில் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று அறியாமலே உழைத்த தலைமுறைகள் நமக்குப் பின்னால் நிற்கின்றன.

இவ்வளவையும் நினைக்க நேர்ந்ததற்குக் காரணம் அக்காளின் பேரன். பதுளையிலே படித்து, கொழும்பிலே ஒரு காரியாலயத்தில் வேலை பெற்று, நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கடனட்டை வாங்கிய பிள்ளை. விடுமுறைக்கு வந்தவன் அட்டையின் மாதக் கணக்கறிக்கையை நீட்டி, "தாத்தா, இதில் மூன்று வரி எனக்கு விளங்கவில்லை" என்றான். தேதி, சில ஆங்கில எழுத்துக்கள், ஒரு நட்சத்திரக் குறி, நாம் கேட்டறியாத ஓர் அந்நிய ஊரின் பெயர், பிறகு தொகை. சம்பள மேசைக் கிளாக்கராவது தமிழிலே பதில் சொன்னார்; இந்தத் தாளிடம் யாரைக் கேட்பது?

பழைய அறிக்கைகளையும் எடுத்து வரச் சொல்லி, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். ஒரே வாணிகத்துக்குரிய தொகை மாதத்துக்கு மாதம் சில ரூபா கூடியும் குறைந்தும் நின்றது. அதனாலேதான் அவன் கண்ணுக்கு அது ஒன்றாகத் தெரியவில்லை. கட்டணம் டொலரில், கழிவு ரூபாவில். நாணய மாற்று அசைந்தால் தொகையும் அசையும். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது நேயர்களுக்கு நினைவிருக்கும். வணிகர் விலையைத் தொடாமலே நம் செலவு ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட காலம் அது.

முதல் வரி உடனே வெளிச்சமாயிற்று. நண்பர் மூவரோடு சேர்ந்து அவன் திரைப்படம் பார்க்கும் சேவைதான். விளம்பரத்தில் ஒரு பெயர், கணக்குப் புத்தகத்தில் தாய்க் கம்பனியின் பெயர், ஆகவே விளங்கவில்லை. கூகுள், ஆப்பிள் போன்ற கடைகளின் வழியாக வாங்கினால் பொருளின் பெயரே இராது, கடையின் பெயர்தான் நிற்கும். விளங்காத வரியெல்லாம் திருட்டன்று என்பதை முதலிலே தெரிந்துகொள்ளல் நன்று. அவசரப்பட்டு முறைப்பாடு செய்து, தான் வாங்கிய பொருளையே வாங்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் வில்லங்கம் நம் தலையில் விழும்.

இரண்டாவது வரிதான் நம்மை வருத்தியது. நேர்முகப் பரீட்சைக்கு முன் ஆங்கிலப் பேச்சுப் பழகுவதற்கு ஒரு செயலியைக் கைத்தொலைபேசியில் இறக்கியிருந்தான். ஏழு நாள் இலவசம் என்றிருந்தது. அட்டை இலக்கத்தைக் கொடுத்தான். ஒரு வாரத்தில் வேலை கிடைத்தது, செயலியை அழித்தான், மறந்தான். ஆனால் செயலியை அழித்தால் சந்தா அழியாது. மாதம் 4 டொலர் 99 சதம் பதினொரு மாதம் போயிருந்தது. டொலர் முந்நூறு ரூபாவை ஒட்டியிருந்த காலமாதலால் மாதம் ஏறக்குறைய 1,500 ரூபா. பதினொரு மாதத்துக்கு 16,500 ரூபா. 2024ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கிலே பார்த்தால் அவன் தாய் பன்னிரண்டு நாள், அட்டைக்கடியையும் மழையையும் பொறுத்துக்கொண்டு கூடை சுமந்த கூலி, யாரும் திறந்து பாராத ஒரு செயலிக்குப் போயிற்று. இதை அவனிடம் நாம் சொல்லவில்லை. அவனே பெருக்கிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தான்.

மூன்றாவது வரி ஒரு டொலருக்கும் குறைவான தொகை. "நூற்றுச் சொச்ச ரூபாதானே, தாத்தா, விட்டுவிடலாம்" என்றான். விடலாகாது என்றோம். அட்டை இலக்கத்தைத் திருடியவர்கள் முதலில் அற்பத் தொகையை எடுத்துப் பார்ப்பது உண்டு. உடையவன் விழித்திருக்கிறானா என்று அறியும் உபாயம் அது. கோழி திருட வருபவன் முதலில் நாய்க்கு ஒரு கல்லெறிந்து பார்ப்பதில்லையா?

ஆகவே செய்யவேண்டியதில் ஒரு வரிசை உண்டாயிற்று. முதலில் வங்கியின் தொலைபேசியை அழைத்து அட்டையை முடக்கச் செய்தோம். மூன்றாம் வரியை எழுத்து மூலம் மறுத்தோம். தேதி, தொகை, அறிக்கையில் உள்ளவாறே வணிகரின் பெயர், பேசிய உத்தியோகத்தரின் பெயர், முறைப்பாட்டு இலக்கம் ஆகிய அனைத்தையும் பயிற்சிப் புத்தகம் ஒன்றில் குறித்தோம். மறுப்பதற்கு நாட்கணக்கு உண்டு. அட்டை வாங்கும்போது கையெழுத்திட்ட நிபந்தனைகளிலே அது அச்சாகியிருக்கும். அறிக்கையை மாதாமாதம் பாராதவனுக்கு அந்நாட்கள் அவனறியாமலே கழிந்துபோம்.

அட்டையை முடக்கியதும் இரண்டாம் வரியும் செத்தது என்று பையன் மகிழ்ந்தான். அதுவும் சரியன்று. அட்டை வேறு, உடன்படிக்கை வேறு. புதிய அட்டையின் இலக்கத்தை வணிகருக்கு அறிவிக்கும் ஏற்பாடும் அட்டை நிறுவனங்களிடம் உண்டு. எனவே செயலி வாங்கிய கடைக்குள்ளே சென்று, சந்தாப் பட்டியலைத் தேடி, அங்கே ரத்துச் செய்தோம். சேர்ந்தபோது இரண்டு அழுத்தம் போதுமாயிருந்ததாம். விலகும்போது, ஏன் போகிறீர், பாதி விலைக்குத் தந்தால் இருப்பீரா, ஒரு மாதம் ஓய்வெடுத்துப் பின் வருகிறீரா என்று மாறி மாறிக் கேள்விகள். அக்காள் சொன்ன குறுகிய வாசல் நினைவுக்கு வந்தது.

இந்த வாசலைப் பற்றிப் பெரிய தேசங்களிலும் வழக்கு நடந்திருக்கிறது. 2023 ஜூன் மாதம் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணைக்குழு அமேசான் கம்பனியின் மீது வழக்குத் தொடுத்தது. அதன் 'பிரைம்' சந்தாவிலிருந்து விலகுவதற்கு நான்கு பக்கம், ஆறு அழுத்தம், பதினைந்து தெரிவுகளைக் கடக்க வேண்டியிருந்ததாகவும், அவ்வழிக்குக் கம்பனிக்குள்ளேயே 'இலியட்' என்று பெயர் வழங்கியதாகவும் முறைப்பாட்டிலே கூறிற்று. ட்ரோய் நகரத்து நெடும்போரைப் பாடிய கிரேக்கக் காவியத்தின் பெயர்! அந்தக் குறும்புக்காரர் நன்றாகப் படித்தவராயிருக்க வேண்டும். 2025 செப்டம்பரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 250 கோடி டொலர் செலுத்தக் கம்பனி இணங்கிற்று. அதில் 150 கோடி சந்தாதாரருக்குத் திரும்பவேண்டியது.

பாக்குநீரிணைக்கு அப்பால் வேறொரு வழி கண்டார்கள். 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அட்டையில் தொடர்ந்து கழியும் தொகைக்கு, கழிவதற்கு இருபத்துநான்கு மணி நேரம் முன்னதாக உடையவருக்கு அறிவித்தல் வேண்டும். வேண்டாமென்றால் அவர் தடுக்கலாம். சம்பள மேசைக்கு முதல்நாளே கழிவுப் பட்டியலை லயத்துக்கு அனுப்புவது போன்றதொரு மரியாதை இது. நம் நாட்டிலும் இத்தகைய விதி வருமானால், பையன் முதல் மாதமே விழித்திருப்பான். இலங்கையிலோ, வங்கியின் பதில் திருப்தி தராவிடில் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதலாம். 1935 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலம் போதாது என்று அஞ்சி வாளாவிருப்போர் நம்மிடையே பலர் இருப்பதால் இதை அழுத்திச் சொல்லுகிறோம்.

அக்காள் சம்பந்தப்பட்ட பழைய கதைக்கும் ஒரு பின்னிணைப்பு இருக்கிறது. 2021இல் கூட்டு ஒப்பந்தம் விட்டுப்போய், சம்பளச் சபை மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபாவானபோது, சங்கச் சந்தாவைச் சம்பளத்தில் கழித்து அனுப்பும் வழக்கத்தைக் கம்பனிகள் கைவிட்டன. சங்கங்களுக்கு அது பெரும் அடி. தொழிலாளரின் ஒற்றுமைக்கு அது நல்லதென்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் லயத்து வாசலுக்கு வந்து, பெயர் சொல்லி அழைத்து, சந்தாவைக் கேட்டு வாங்கவேண்டியதாயிற்று. "இப்பத்தான் இவங்க மொகத்தைப் பார்க்கிறேன்" என்றார் அக்காள்.

பையனின் காரியம் இவ்வாறு முடிந்தது. ஒரு டொலருக்கும் குறைந்த அந்தத் தொகையை வங்கி ஏழாம் வாரத்தில் திருப்பி வரவு வைத்தது. ஆங்கிலச் செயலிக்காரர் கடைசி ஒரு மாதத்துக் கட்டணத்தை மட்டும் திருப்பினர். மற்றப் பத்து மாதமும் அவன் சம்மதித்ததாகவே பதில் வந்தது. சம்மதம் என்று சொல்லக்கூடிய ஒரு கட்டத்திலே அவன் விரல் பட்டிருந்தது உண்மையே.

அவன் கொழும்புக்குப் புறப்படுமுன், தாயாரின் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தான். போட்ட ரீலோட் காசு இரண்டு நாளில் கரைகிறது என்று அவள் வெகுநாளாய்ச் சொல்லி வந்தாள். அட்டை இல்லாத வீட்டிலும் சந்தா புகும் வழி அது. தொலைபேசிக் கம்பனியை அழைத்துக் கேட்டதில், நாள்தோறும் சில ரூபா கழியும் சேவைகள் இரண்டு அவள் பேரில் இருந்தன. ஒன்று, அழைப்பவருக்குக் கேட்கும் பாட்டு. லயத்துப் பிள்ளைகள் யாரோ அழுத்திவிட்டது. அதை வெட்டச் சொன்னான். மற்றது காலைதோறும் வரும் இராசிபலன். அதையும் வெட்ட வாயெடுத்தபோது, தாய் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "அது இருக்கட்டும் ராசா. அதை நான்தான் கேட்டுப் போட்டேன்."