மீனின் பூவும் விரல்நுனி வெளிச்சமும்

வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்குவோர் முதலில் செய்வது, தலையோரத்து மூடியைத் தூக்கிப் பூவைப் பார்ப்பதுதான். தமிழகத்தார் செவுள் என்பதை ஈழத்தவர் பூ என்கிறோம். எங்கள் விஞ்ஞானப் பாடநூல்களும் அவ்வாறே எழுதின. பூ கடுஞ்சிவப்பாயிருந்தால் புதுமீன். மங்கிப் பழுப்பேறியிருந்தால் பழையது.

அந்தச் சிவப்பு, குருதியிலுள்ள ஈமோகுளோபினுடையது. மீனின் இதயத்திலிருந்து புறப்படும் குருதி நேரே பூவுக்குச் சென்று, நீரில் கரைந்துள்ள ஒட்சிசனை ஏற்று, காபனீரொட்சைட்டை விட்டு, உடலெங்கும் ஓடித் திரும்புகிறது. பூவில் நீர் ஒரு திசையிலும் குருதி எதிர்த்திசையிலும் பாய்வதால், காற்றைவிட மிகக் குறைவாகவே ஒட்சிசனுள்ள நீரிலிருந்தும் அதன் பெரும்பங்கை மீனால் எடுத்துக்கொள்ள முடிகிறது. சூரை மீனோ ஓயாமல் நீந்தியாக வேண்டும். நின்றால் பூவினூடாக நீர் பாயாது. அதே சந்தையில் கிடக்கும் நண்டின் குருதியில் இரும்புக்குப் பதிலாகச் செம்பு. ஒட்சிசன் சேர்ந்தால் அது நீலமாகும்.

ஆக, ஒட்சிசன் ஏறியதா இல்லையா என்பதைக் குருதியின் நிறமே சொல்லிவிடுகிறது. இவ்வுண்மையைக் கொண்டே 1974இல் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகி, தோலைத் துளைக்காமல் ஒட்சிசனை அளக்கும் வழியைக் கண்டார். விரல்நுனியில் மாட்டும் சிறு கருவி செவ்வொளியையும் அகச்சிவப்பொளியையும் பாய்ச்சி, குருதி எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கணக்கிடுகிறது.

2021 ஆகஸ்டில் கொட்டாஞ்சேனையிலிருக்கும் அத்தானுக்குக் கொரோனா. தொலைபேசியில் குரல் தெளிவாகவே இருந்தது. "எனக்கு ஒன்றுமில்லைத் தம்பி, காய்ச்சலும் விட்டுப்போச்சு" என்றார். அக்கா அவர் விரலில் கருவியை மாட்டியபோது 86 காட்டியது. சுகதேகிகளுக்கு 95க்குக் குறையாது. மூச்சுத் திணறலை நாம் உணர்வது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு பெருகுவதால்தான். ஒட்சிசன் சத்தமின்றிக் குறையக்கூடும். அன்றே வைத்தியசாலையில் சேர்த்தோம். பதினேழு நாட்களின் பின் வீடு திரும்பினார்.

எனினும் அக்கருவியை முற்றாக நம்பிவிடலாகாது. கருநிறத்தவரின் ஒட்சிசன் குறைவை அது காணத் தவறுவது வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கூறியது. நம்மவரின் தோலின் நிறத்தை எண்ணிப் பாருங்கள். எண் நன்றாயிருந்தும் உதடு நீலம்பாரித்தாலோ மூச்சு வாங்கினாலோ, எண்ணை விட்டு ஆளைப் பாருங்கள்.