சிவப்பு அட்டை

ஜனவரிக் குளிரில் வீட்டின் ஃபேர்னஸை நிறுத்திவிட்டு எந்தத் தாளை நீட்டினாலும் மனிதர் கையெழுத்து வைப்பார்கள். 2020இல் ஸ்காபரோவில் ஒரு வயோதிபத் தம்பதியிடம் ஒரு நிறுவனம் செய்தது இதைத்தான்.

இலவசமாகச் சோதித்துத் தருவதாகத் தொலைபேசியில் சொல்லிவிட்டு வந்தவர் பேஸ்மென்றில் சிறிது நேரமே நின்றார். வெப்பமாற்றியில் வெடிப்பு, கார்பன் மொனொக்சைட் கசியும், படுத்தால் எழும்பமாட்டீர்கள் என்றார். காஸை மூடிச் சிவப்பு அட்டையைக் கட்டினார். பின்னேரமே புது ஃபேர்னஸ் வந்தது. பழையதை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதோடு வெடிப்புக்கான சாட்சியமும் போய்விட்டது.

"காஸ் பூட்டினதுக்குத்தான் சைன் கேக்கினம் எண்டு நினைச்சன், தம்பி" என்றார் அந்த அம்மா. டேப்லெட்டில் அவர் வைத்த கையெழுத்து பத்து வருட வாடகை ஒப்பந்தத்துக்கு. 2022இல் மோட்கேஜை வேறு வங்கிக்கு மாற்றப்போனபோதுதான் வீட்டின் உரித்தில் 'நோசி' பதிந்திருப்பது தெரிந்தது. அந்தப் பிணை அறிவித்தலை நீக்க நிறுவனம் 14,000 டொலர் கேட்டது.

ஏமாற்று வியாபாரம் என்று ஒப்பந்தத்தை முறிக்கச் சட்டம் தரும் அவகாசம் ஒரு வருடம். அவர்கள் என்னிடம் வந்தபோது அது கடந்திருந்தது. எனவே வேறு வழியில் போனேன். 2018 மார்ச் 1 முதல் ஒன்ராறியோவில், வீட்டுக்காரர் தானாகத் தொடர்புகொண்டு அதற்கென்றே கூப்பிட்டிருந்தாலொழிய, வீட்டில் வைத்து ஃபேர்னஸ் ஒப்பந்தம் பேசக்கூடாது. மீறினால் ஒப்பந்தம் செல்லாது, பொருளும் வீட்டுக்காரருக்கே. செல்லாத ஒன்றை முறிக்கவேண்டிய தேவையே இல்லை.

இதை எழுதி அனுப்பியதும், அந்தத் தம்பதிதான் அழைத்தார்கள் என்று நிறுவனம் பதில் எழுதி, ஆதாரமாகத் தொலைபேசிப் பதிவையும் இணைத்தது. யாரும் அதைக் கேட்டுப் பார்க்கவில்லை போலும். ஆரம்பத்திலேயே நிறுவனத்தின் ஊழியர் தன்னை அறிமுகப்படுத்தி, "உங்கள் பகுதியில் சோதனை செய்கிறோம்" என்கிறார். அம்மா சொன்னதெல்லாம் ஓம், ஓம் மட்டும்.

அட்டை பற்றியும் விசாரித்தேன். உடனடி ஆபத்தென்று காஸை மூடும் தொழில்நுட்பவியலாளர் காஸ் விநியோக நிறுவனத்துக்கு அறிவிக்கவேண்டும். அந்த முகவரிக்கு அப்படியொரு அறிவித்தல் வந்ததாகப் பதிவில்லை. எனக்கு வழக்கு முடிந்தது அங்கேதான். மிச்சமெல்லாம் தபால் வேலை.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. சிறு உரிமைக்கோரல் நீதிமன்றம் பணம் கொடுக்கவோ பொருளைத் திருப்பவோதான் கட்டளையிடலாம். நோசியை நீக்கு என்று சொல்ல அதற்கு அதிகாரம் இல்லை. உயர் நீதிமன்றம் போனால் செலவு அந்த 14,000ஐத் தின்றுவிடும். எனவே பணத்துக்கு மட்டும் வழக்குப் போட்டு, ஸூமில் நடந்த சமரசக் கூட்டத்தில் நோசியைப் பேசினேன். தொலைபேசிப் பதிவை ஒலிக்கவிட்டபின் நிறுவனத்தின் வழக்கறிஞர் கமெராவை அணைத்துவிட்டுத் தன் கட்சிக்காரருடன் கதைத்தார். திரும்பி வந்தபோது நோசி நீக்கம், கட்டிய வாடகையின் பெரும்பகுதி, ஃபேர்னஸ் தம்பதிக்கே என்பது ஆகிய மூன்றுக்கும் சம்மதம்.

2024 ஜூனில் மாகாண அரசு நுகர்பொருட்களுக்கான நோசிப் பதிவுகளையே இல்லாமல் செய்துவிட்டது. அதற்குள் எத்தனை பேர் கேட்ட தொகையைக் கட்டி முடித்திருப்பார்களோ!

உடன்பாட்டில் நிறுவனத்தின் பெயரை வெளியிடக்கூடாதென்று ஒரு வரி இருந்தது. அதை விளக்கியபோது அம்மாவுக்குப் பெரிய ஏமாற்றம்.

"அப்ப கோயிலிலையும் சொல்லேலாதோ, தம்பி?"

"பேரை விட்டிட்டு மிச்சமெல்லாம் சொல்லுங்கோ, அம்மா" என்றேன்.