குப்பைமேட்டில் ஒரு பூங்கா

கெய்ரோவின் தராசா மேட்டில் ஏறக்குறைய 500 ஆண்டுகளாகக் குப்பையும் கட்டட இடிபாடுகளும்தான் குவிந்து கிடந்தன. அங்கே ஒரு பூங்கா அமைத்துத் தருவதாக 1984இல் இஸ்மாயிலி முஸ்லிம்களின் அன்றைய தலைவர் ஆகா கான் அறிவித்தார். 30 ஹெக்டேரில் அல்-அஸ்ஹர் பூங்கா திறந்தது 2005இல். இருபது ஆண்டுகள்! அவ்வளவு காலம் கைவிடாமல் நின்றதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மண்ணெல்லாம் உப்பு; செடி பிழைக்காது. நல்ல மண் சேர்த்துத்தான் நட்டார்கள். நகரத்துக்கான மூன்று பெரிய குடிநீர்த் தொட்டிகளும் பூங்காவுக்கு அடியிலேயே இருக்கின்றன. மேட்டைத் தோண்டத் தோண்ட, 12ஆம் நூற்றாண்டு மதில் ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு வெளிப்பட்டது. எகிப்து சுல்தான் சலாவுதீன் காலத்து மதில் அது.

ஆனால் என் மனம் நிற்பது மதிலுக்கு அப்பால், ஏழைகள் நெருக்கமாக வாழும் தர்ப் அல்-அஹ்மரில். பூங்கா வந்தால் நிலவிலை ஏறும், பக்கத்தில் இருப்பவர்களைக் கிளப்பிவிடுவார்கள். எத்தனை ஊர்களில் பார்த்துவிட்டோம்! இங்கோ பழைய வீடுகளைச் செப்பனிட்டார்கள், சிறுகடன் கொடுத்தார்கள், இளைஞர்களுக்குத் தச்சுவேலை கற்றுக்கொடுத்தார்கள். நாற்றத்தைத் தலைமுறைகளாகச் சுமந்தவர்களுக்குத்தானே நிழலில் முதல் உரிமை? நுழைவுக் கட்டணம் மட்டும் உண்டு. அந்தத் தெருக்காரர்களிடமாவது அதை வாங்கக் கூடாது என்பேன்.